தணிகாசலம் சொல்லாத பதில்

வந்தவாசிக்கு வெளியே ஒரு சிறு குன்று. அதன் அடியில் ஞானாம்பிகை அம்மாவின் ஆசிரமம். அம்மாவுக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. சீடர் தணிகாசலத்துக்கு ஐம்பத்திரண்டு. ஊரில் பம்புசெட் கடை வைத்திருந்தவர்.

வந்த எட்டு மாதத்தில் அவர் பல கேள்விகள் கேட்டுவிட்டார். ஆன்மா எது? மரணத்துக்குப் பின் என்ன? ஒவ்வொரு முறையும் அம்மா, "இது உங்க கேள்வி இல்லை. போய் வேலையைப் பாருங்க" என்று அனுப்பிவிடுவார்.

ஒரு காலையில் அம்மா வாழைத்தண்டு நறுக்கிக்கொண்டிருந்தார். தணிகாசலம் எதிரே வந்து உட்கார்ந்தார்.

"அம்மா, குமுதவல்லின்னு ஒருத்தி."

"சொல்லுங்க."

"ரெண்டு பேருக்கும் ஒரே தெரு. செய்யாறு காலேஜுக்கு ஒரே பஸ். ஆற்காட்டிலிருந்து அவளுக்கு வரன் வந்தது. 'நீ போய்ப் பார்த்துட்டு வா தணிகா. நீ வேணாம்னா எனக்கும் வேணாம்'னா."

"போனீங்களா?"

"போனேன். நல்ல பையன்னு வந்து சொன்னேன். கல்யாணப் பந்தியில நின்னு சாம்பார் ஊத்தினேன்."

அம்மா நறுக்குவதை நிறுத்தவில்லை.

"அவன் கை நீட்டுறவன். பத்தொன்பது வருஷம் பட்டா. அவன் செத்தப்புறம் ஊருக்கே வந்துட்டா. சாயங்காலம் கடைக்கு வருவா, பழைய மாதிரியே பேசிக்கிட்டிருப்போம். ஒருநாள் பேச்சு நின்னுபோச்சு. அவ எழுந்து போகல. நானும் நேரமாச்சுன்னு சொல்லல. அடுத்த மாசம் ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கல்யாணம்."

"சந்தோஷமா இருந்தீங்களா?"

"நாலு மாசம். அப்புறம் ஆஸ்பத்திரி."

துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

"கடைசி நாள் மத்தியானம் கேட்டா. 'அன்னிக்கு ஏன் தணிகா அவனை நல்லவன்னு சொன்னே?' அப்புறம் சொல்றேன், இப்போ தூங்குன்னேன். தூங்கினா. எழுந்திருக்கவே இல்லை."

அம்மா கத்தியைக் கீழே வைத்தார்.

"நான் என்ன பதில் சொல்லியிருக்கணும் அம்மா?"

"இப்போ சொல்லுங்க."

தணிகாசலம், எதிரே அம்மா இருப்பதையே மறந்தவர்போலப் பேசினார்.

"அவன் தன் அம்மாவை அதட்டின அதட்டல்லயே எனக்குத் தெரிஞ்சுபோச்சு, வல்லி. தெரிஞ்சேதான் சொன்னேன். வேணாம்னு சொல்லியிருந்தா, வேற யாருன்னு நீ கேட்டிருப்பே. நான்னு சொல்லி, நீ சிரிச்சிட்டா? மறுநாள் பஸ்ல உன் பக்கத்துல எப்படி உட்காருவேன்? அந்தப் பயம். அவ்வளவுதான். அதுக்காகத்தான் உன்னை அவன்கிட்ட அனுப்பினேன்."

அதன்பின் அழுதார். அம்மா தடுக்கவில்லை, தண்ணீர் எடுத்துக் கொடுக்கவும் இல்லை.

அழுகை ஓய்ந்ததும் தலை நிமிர்ந்தார்.

"அவளுக்குக் கேட்டிருக்குமா அம்மா?"

"கேட்டிருக்காது" என்றார் அம்மா. "நான் கேட்டேன்."