நடுக்கத்தைப் போகச் சொன்னவள்

தை மாதம். நீலகிரியின் உச்சியில் புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடந்த நாட்கள். திருப்பூரிலிருந்து அக்காவும் தங்கையுமாக இரண்டு பெண்கள் அங்கே தங்க வந்தார்கள். மூத்தவள் தமயந்தி கூடாரம் கொண்டு வந்திருந்தாள். இளையவள் சாருமதி கொண்டு வந்தது, இரண்டு மரங்களுக்கு நடுவே கட்டிப் படுக்கும் தொங்குபடுக்கை.

பொழுது சாய்வதற்குள் சண்டை வந்துவிட்டது.

"இந்தக் குளிர்ல தூளி கட்டியா தூங்குவே? நீ என்ன கைக்குழந்தையா? பேசாம கூடாரத்துக்குள்ள வந்து படு."

"எனக்குக் கல்யாணம் ஆகியும் நீ என்னை விட மாட்டேங்கறே. எதுக்கெடுத்தாலும் நைநைன்னு! நான் இங்கதான் படுப்பேன்."

தமயந்தி உள்ளே போய்க் கூடாரத்தின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

சாருமதி ஒரு கம்பளியை அடியில் விரித்து, இன்னொன்றைப் போர்த்திக்கொண்டு படுத்தாள். தொங்குபடுக்கைக்குப் பெருமை தாங்கவில்லை.

"என்னிடம் வந்தவளை எதுவும் தொட முடியாது. எறும்பு ஏறாது, பாம்பு வராது, தரையின் ஈரம் எட்டாது" என்றது.

"தரை இல்லை, சரி. கீழே வேறு என்ன இருக்கிறது?" என்று கேட்டது அடியில் கிடந்த கம்பளி. அதன் குரல் நசுங்கி வந்தது.

"ஒன்றுமில்லை. வெற்றிடம்."

"அந்த ஒன்றுமில்லாதது என் முதுகைத் தடவுகிறது. எனக்குள் கொஞ்சம் காற்று நின்றால்தான் நான் கம்பளி. இவள் பாரம் அதைப் பிதுக்கி எடுத்துவிட்டது. இப்போது நான் வெறும் துணி."

கீழே நின்றிருந்தது குளிர். அது ஊளையிடவில்லை, முட்டி மோதவில்லை. "கொஞ்சம் இடம் கிடைக்குமா?" என்று பணிவாகக் கேட்டது. பதில் வரும் முன்பே உள்ளே வந்து, சாருமதியின் முதுகோடு முதுகு ஒட்டிப் படுத்துக்கொண்டது.

உடனே அவள் உடம்புக்குள்ளிருந்து நடுக்கம் துள்ளி எழுந்தது. அதற்கு மரியாதை தெரியாது. அவள் பற்களை மோதவிட்டது. தோளைப் பிடித்து உலுக்கியது.

"எழுந்திரு! கூடாரத்துக்குப் போ!"

"அவகிட்ட போய் நிக்கணுமா? முடியாது."

"நின்றால் என்ன? எழுந்திரு!"

கண்ணை மூடினால் உலுக்கியது, புரண்டு படுத்தாலும் உலுக்கியது. அவள் அழும் நிலைக்கு வந்தபோது குளிர் அவள் காதருகே வாய் வைத்தது.

"பாவம், எத்தனை களைப்பு உனக்கு. நான் சும்மாதான் படுத்திருக்கிறேன். உன்னைத் தூங்கவிடாமல் படுத்துவது யார்?"

"இந்த நடுக்கம்தான்."

"பிறகு ஏன் அதை வைத்துக்கொண்டிருக்கிறாய்?"

சாருமதி நடுக்கத்தைப் பார்த்து, "போ" என்றாள்.

நடுக்கம் திகைத்து நின்றது. "நான் போய்விட்டால் உனக்காகச் சண்டை போட ஆள் இல்லை."

"போய்த் தொலை!"

அது போய்விட்டது.

பற்கள் ஓய்ந்தன. மரங்கள்கூட மூச்சை அடக்கிக்கொண்டது போல இருந்தது. குளிர் இப்போது சாருமதியின் குரலிலேயே பேசியது. "வெயில் வந்துவிட்டது, பார். எனக்கு வேர்க்கிறது. ஸ்வெட்டர் எதற்கு?"

அது தன் எண்ணம்தான் என்று நினைத்து அவள் ஸ்வெட்டரைக் கழற்றினாள். போர்வையைத் தள்ளினாள். காலுறைகளை உருவிக் கீழே போட்டாள். பனிப்புல்லில் அவை சத்தமில்லாமல் விழுந்தன. இருட்டைப் பார்த்துச் சிரித்தாள்.

ஓர் இலைகூட அசையவில்லை. ஆனால் தொங்குபடுக்கை ஆடத் தொடங்கியது.

"யார் ஆட்டுவது?" என்று அது பயந்து கேட்டது.

"உஷ்! தூங்கப் போகிறாள்" என்றது குளிர்.

விரட்டப்பட்ட நடுக்கத்துக்குப் போக்கிடம் இல்லை. பனியில் அலைந்து அலைந்து, கடைசியில் கூடாரத்துக்குள் நுழைந்து தமயந்தியைப் பிடித்துக்கொண்டது. கதகதப்பாகத் தூங்கிக்கொண்டிருந்தவள் உடம்பெல்லாம் உதற விழித்தாள். ஏன் இப்படி உதறுகிறது என்று அவளுக்கு விளங்கவில்லை.

"சாரு?"

டார்ச்சை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினாள்.

வெறுங்காலோடு, மெல்லிய சட்டையோடு, தங்கை சிரித்த முகமாய்க் கிடந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது.

"நல்ல... வெயில்... அக்கா" என்றாள். நாக்கு குழறியது.

தமயந்தி அவளை அப்படியே அள்ளிக் கூடாரத்துக்குள் கொண்டுவந்தாள். மெத்தையில் கிடத்தி, உலர்ந்த துணி உடுத்தி, இருக்கிற கம்பளியெல்லாம் போர்த்தி, தானும் உள்ளே நுழைந்து நெஞ்சோடு நெஞ்சாக இறுக்கிக்கொண்டாள். தங்கையின் உடம்பு ஆற்றங்கல் போலச் சில்லிட்டுக் கிடந்தது. கூடாரத் துணியை வெளியிலிருந்து யாரோ விரலால் வருடுவது போலிருந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"போயிடாதடி... போயிடாத..."

வெகுநேரம் கழித்து நடுக்கம் அக்காவின் உடம்பிலிருந்து தங்கையின் உடம்புக்கு மெல்லத் தாவியது. முதலில் ஒரு விரல் துடித்தது. பிறகு தாடை. பிறகு ஆளையே தூக்கிப் போட்டது.

"அக்கா... வலிக்குது... இது எப்பக்கா நிக்கும்?"

தமயந்தி அழுதுகொண்டே அவளை இன்னும் இறுக்கினாள்.

"நிக்க வேண்டாண்டி. இப்ப நிக்கவே வேண்டாம்."