புதருக்கு அந்தப் பக்கம் நின்ற சேவல்

"காட்டுச் சேவல்கூட என் குரலுக்கு வந்துருமுங்க, தாயி. பெத்த மக வர மாட்டேங்கறா."

சொல்லிவிட்டு, வலை போட்டுக் காட்டுக்கோழி பிடிக்கிற நஞ்சப்பன் தலையைக் குனிந்துகொண்டார்.

மலையடியில் குடிசை போட்டுச் சாமி கும்பிட்டுக் கொண்டிருந்தாள் மாரக்காள். வயதில் அவருக்குத் தங்கை மாதிரிதான். ஆனாலும் மனசு பாரமானவர்கள் எல்லோரும் அவளைத் தாயி என்றே கூப்பிட்டார்கள். விளக்குக்குத் திரி திரித்துக்கொண்டே கேட்டாள்.

"என்ன நடந்துச்சு, அண்ணா?"

"அவளா ஒருத்தனைக் கட்டிக்கிட்டா. கோவத்துல, என் வாசப்படி மிதிக்காதேன்னு சொல்லிப்போட்டேன்."

"அப்புறம்?"

"கோவம் என்னைக்கோ போயிருச்சுங்க. அவ ஊர்ப் பக்கம் போறவங்ககிட்டயெல்லாம் வரச் சொல்லிச் சொல்லி உடறேன். 'அப்பா நேரத்துக்குச் சாப்பிடறாரா'ன்னு கேட்டு உடறா. ஆனா வர மாட்டேங்கறா."

நஞ்சப்பன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அவங்கம்மா செத்தன்னைக்கு ஊரெல்லை வரைக்கும் வந்தா, தாயி. அங்கயே நின்னு அழுதுட்டுத் திரும்பிப் போயிட்டா."

"நீங்க பாத்தீங்களா?"

"பாத்தனுங்க."

மாரக்காள் திரியை எண்ணெயில் நனைத்தாள்.

"கோழி மாதிரிக் கூப்பிடத் தெரியுது. அப்பன் மாதிரிக் கூப்பிடத் தெரியலையாக்கும்?"

நஞ்சப்பனுக்குச் சிரிப்பு வரவில்லை.

"விடியக்காலம் காட்டுக்குப் போலாம். நீங்க கூப்பிடறதை நான் கேக்கோணும்" என்றாள்.

பங்குனி மாசத்துக் காடு. சேவல்கள் துணை தேடிக் கூவுகிற காலம்.

நஞ்சப்பன் வலையை விரித்தார். அடிமரத்தில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தார். பக்கத்தில் மாரக்காளும் உட்கார்ந்தாள்.

உதட்டில் ஓர் இலையை வைத்துப் பெட்டைக் கோழியைப் போலக் கொக்கரித்தார். மெதுவாக, கொஞ்சமாக. உடனே நிறுத்திக்கொண்டார்.

தூரத்தில் ஒரு சேவல் கூவியது.

"இன்னும் கூப்பிடுங்க."

"ஐயோ, கூடாதுங்க. சும்மா சும்மா கத்தினா அதுக்குச் சந்தேகம் வந்துரும். ஒருக்காக் கூப்பிட்டுட்டு வாயை மூடிக்கோணும்."

சேவல் கிட்டே வந்து கூவியது. இன்னும் கிட்டே. காய்ந்த சருகில் அதன் காலடி கேட்டது.

ஈங்கை முட்புதருக்கு அந்தப் பக்கம் வந்ததும் சத்தம் நின்றது.

நஞ்சப்பன் இலையை மறுபடி உதட்டுக்குக் கொண்டுபோனார். சேவல் பதிலுக்குக் கூவியது. ஆனால், நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை.

"இத்தனை தூரம் வந்துட்டு ஏன் நின்னுக்கிச்சு?" மாரக்காள் கிசுகிசுத்தாள்.

"சிலது இப்படித்தானுங்க. பதில் சொல்லும், வராது."

"திமிரா?"

"சேச்சே. அது மேல என்ன தப்பு? அது பாதி தூரம் வந்துருச்சு. நெசப் பெட்டையா இருந்தா மீதித் தூரம் எந்திரிச்சுப் போயிருக்கும். அதான் அதுங்க வழக்கம். நாமதான் உக்காந்த எடத்துலயே உக்காந்துக்கிட்டு, வா வான்னு..."

நஞ்சப்பன் பேச்சு அப்படியே நின்றுபோனது.

கையிலிருந்த இலை மடியில் விழுந்தது. அவர் அதை எடுக்கவில்லை.

புதருக்கு அந்தப் பக்கம் சேவல் இன்னொரு தரம் கூவியது.

"இப்படி எம்புட்டு நேரம் கூவிட்டு நிக்கும், அண்ணா?"

"வெயில் ஏறுற வரைக்கும்தானுங்க." அவர் புதரையே பார்த்தார். "அப்புறம் கூவாது, தாயி. போயிரும்."

மாரக்காள் அண்ணாந்து பார்த்தாள்.

மர உச்சியில் வெயில் விழுந்திருந்தது.