பழைய குழிக்கு மண்

“மைதானத்தை மூடிரட்டுங்களா கோச்?”

ஞாயிற்றுக்கிழமை காலை, மேடேறி வந்த மூச்சிரைப்பு அடங்கும் முன்பே திருமூர்த்தி இதைக் கேட்டுவிட்டார்.

ஜெசிந்தா குனிந்து புல்லைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கோல்ஃப் மட்டையை எப்படிப் பிடிப்பது என்று திருமூர்த்திக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஜெசிந்தா. வயதில் அவரைவிட ரொம்பவும் இளையவர். ஆனாலும் கோச் நின்றுகொண்டிருந்தால் திருமூர்த்திக்கு உட்காரத் தோன்றாது. பம்ப்செட் வாங்குவது முதல் மகள் கல்யாணம் வரை அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எதுவும் செய்ததில்லை. கேட்டால் பதில் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. மகள் கல்யாணத்தைப் பற்றிக் கேட்டபோது, “பந்தைப் பாருங்க” என்றார். அதை வைத்துக்கொண்டு திருமூர்த்தி ஒரு வாரம் தூங்கவில்லை.

“பத்து மணிக்கு பார்ட்டி வர்றாருங்க. வில்லா கட்டப் போறாராம். இன்னைக்குச் சரின்னா சரி, இல்லைன்னா வேற எடம் பாத்துக்கறேங்கறாரு.”

“ம்.”

“ஒம்போது குழியும் போயிருமுங்க. புல்லு பூராத்தையும் தோண்டிருவாங்க.”

“ம்.”

மில்லை விற்ற பணத்தில், முள்ளும் கல்லுமாகக் கிடந்த அந்த மேட்டை வாங்கிப் புல்வெளி ஆக்கியவர் திருமூர்த்தி. ஒரு காலத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் கார் நிறுத்த இடம் கிடைக்காது. இன்று மூன்று கார் நின்றது. ஒன்று அவருடையது. ஒன்று கோச்சுடையது. மூன்றாவது டாக்டருடையது. டாக்டர் இப்போதெல்லாம் ஆடுவதில்லை. கேன்டீனில் டிபன் சாப்பிட வருகிறார்.

“டவுனுக்குள்ள நாம புதுசாத் தொறந்த ஹாலைப் பாருங்க கோச். ஏசி ரூமு. எதுக்க பெரிய திரை. மலை, மரம், குளம் எல்லாம் திரையிலயே வருது. பந்தை அடிச்சா அதுல போய் மோதுது, மிச்ச தூரத்தைக் கம்ப்யூட்டர் ஓட்டிக்குது. காலேஜ் பசங்க வர்றாங்க. ஐ.டி. கம்பெனிப் புள்ளைங்க வர்றாங்க. பர்த்டே பார்ட்டிகூட அங்கதான் வெக்கிறாங்க. எடம் இல்லைன்னு திருப்பி அனுப்பறோம்.”

“நல்லதுதானே.”

“நல்லதுதானுங்க. நானும் பத்திரிகையெல்லாம் படிச்சுட்டேன். உலகம் பூரா கோல்ஃப் வளருதாம். ஆனா புல்லு மேல இல்லைங்க, திரை மேல.”

ஜெசிந்தா ஒரு காய்ந்த இலையைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டார்.

“அவங்க இங்க வர்றதில்லையா?”

“யாருங்க?”

“அந்த பர்த்டே பார்ட்டி.”

“வந்தாங்களே, அதையேன் கேக்கறீங்க! போன ஞாயித்துக்கிழமை ஒரு புள்ள வந்துச்சு, கூட மூணு பசங்க. நெசப் புல்லுல அடிச்சுப் பாக்கோணுமாம். சட்டையில காலரே இல்லைங்க. திருப்பூர் பனியன். ஒருத்தனுக்கு ஜீன்ஸ் கிழிஞ்சு முட்டி தெரியுது. காலர் வெச்ச சட்டை போடாம உள்ள வரக்கூடாதுன்னு போர்டு மாட்டியிருக்கறமே! கேட்லயே திருப்பி அனுப்பச் சொல்லிட்டேன். மெம்பருங்க என்ன நெனப்பாங்க?”

“எந்த மெம்பர்?”

திருமூர்த்தி கேன்டீன் பக்கம் திரும்பிப் பார்த்தார். டாக்டர் இரண்டாவது வடைக்குச் சட்னி கேட்டுக்கொண்டிருந்தார்.

ஜெசிந்தா நிமிர்ந்தார். இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்த, அடி கூரான ஓர் இரும்புக் குழாயை எடுத்து அவரிடம் நீட்டினார்.

“குழியை மாத்தணும். இன்னைக்கு நீங்க மாத்துங்க.”

பந்து விழ வேண்டிய குழி ஒரே இடத்தில் இருந்து, அதைச் சுற்றி எல்லோரும் நடந்தால் புல் தேய்ந்து சொட்டையாகிவிடும். அதனால் கொடியும் குழியும் அடிக்கடி இடம் மாறும். இது திருமூர்த்திக்குத் தெரியும். யார் மாற்றுகிறார்கள், எப்படி மாற்றுகிறார்கள் என்று பார்த்ததில்லை. அவர் ஆட வரும்போது எல்லாம் முடிந்து பளிச்சென்று இருக்கும்.

“எங்கீங்க வெட்டறது?”

“நல்ல புல்லாப் பாத்து.”

சொல்லிவிட்டு ஜெசிந்தா தண்ணீர் கொண்டுவரப் போனார்.

திருமூர்த்தி இடம் தேர்ந்தெடுத்துக் குழாயை நட்டார். அழுத்தித் திருகினார். கஷ்டமாக இல்லை. வெளியே எடுத்துத் தட்டியதும், குழலிலிருந்து வரும் புட்டு மாதிரி உருளையாக வந்து விழுந்தது மண். மேலே பச்சைப் புல், கீழே செம்மண், தொங்கும் வேர்கள்.

வழவழப்பான புல்லின் நடுவே அது கிடந்தது அவர் கண்ணை உறுத்தியது. எடுத்துச் சரிவில் வீசினார். உருண்டுபோய்க் கல்லில் மோதி உடைந்தது.

பழைய குழிக்குள் மண் சரியாமல் இருக்க வைத்திருந்த டப்பாவை உருவிப் புதுக் குழியில் இறக்கினார். கொடியை நட்டார். கையைத் தட்டிக்கொண்டார். மனசுக்குக் கொஞ்சம் நிறைவாகக்கூட இருந்தது.

ஜெசிந்தா பூவாளியோடு வந்தார். புதுக் குழியை எட்டிப் பார்த்தார்.

“நல்லா வெட்டியிருக்கீங்க.”

திருமூர்த்திக்குச் சிரிப்பு வந்தது.

“இப்ப அதை மூடுங்க” என்று ஜெசிந்தா பழைய குழியைக் காட்டினார்.

“எதை வெச்சுங்க?”

“புதுக் குழியில எடுத்தீங்கல்ல, அதை வெச்சு.”

திருமூர்த்தி சரிவைப் பார்த்தார்.

“வீசிட்டனுங்களே.”

“ஏன்?”

“அசிங்கமாக் கெடந்துச்சுங்க.”

ஜெசிந்தா பூவாளியைக் கீழே வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“வேற மண்ணு அடிச்சுக்கலாமுங்க. நர்சரியில புல்லு வாங்கிக்கிட்டாப் போச்சு...”

பேசப் பேச அவர் குரலே இறங்கிக்கொண்டு வந்தது.

செல்போன் அடித்தது. கேட்டிலிருந்து மாரப்பன்.

“ஐயா, ரெண்டு பேரு வந்து நிக்கறாங்க. நெலம் பாக்கற சார் வந்துட்டாருங்க. வெள்ளைச் சட்டை, இஸ்திரி கலையாம டிப்டாப்பா இருக்காருங்க.”

“இன்னொருத்தரு?”

“போன வாரம் வந்துச்சே, அந்தப் புள்ளதானுங்க. இன்னைக்கு ஒத்தையா வந்திருக்குது, ஸ்கூட்டர்ல. இன்னைக்கும் பனியன்தானுங்க. போர்டைக் காமிச்சேன். காலர் இருந்தா பந்து குழியில தானா விழுந்துருமாண்ணான்னு கேக்குது. வாயைப் பாருங்க! புள்ளையத் திருப்பித் தாட்டி விட்டுட்டு, சாரை மேல அனுப்பட்டுங்களா?”

திருமூர்த்தி பழைய குழியைப் பார்த்தார். உள்ளே விழுந்த எறும்பு ஒன்று ஏறுவதும் சரிவதுமாக இருந்தது.

செல்போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு சரிவில் இறங்கினார். உடைந்து கிடந்த மண்ணுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தார். மேல்புல் இன்னும் வாடவில்லை. துண்டு துண்டாக இரண்டு கையாலும் அள்ளினார். வெள்ளை பேன்ட்டில் செம்மண் ஒட்டியது.

“ஐயா, லைன்ல இருக்கீங்களா? யாரை விடட்டுங்க?”

“காலர் இல்லாதவங்களை.”