சங்குக்குக் காத்திருந்த இருவாட்சி

மலைக்காட்டில் ஓர் உயரமான மரம். அதன் பொந்தில் பேச்சி என்ற இருவாட்சிப் பறவை குஞ்சு பொரித்திருந்தது. இருவாட்சிகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. தாய் பொந்துக்குள் புகுந்து வாசலை அடைத்துக்கொள்ளும். அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீறல்தான் மிச்சம். குஞ்சு வளரும்வரை அப்பன்தான் பழம் கொண்டுவந்து ஊட்ட வேண்டும்.

அந்த அப்பன் சிங்காரம் தங்கமான பறவை. குஞ்சு "கீ" என்றால் போதும், அத்திமரத்துக்குப் பறந்துவிடும்!

இது பக்கத்து மரத்துச் சோலைமந்திக் குரங்கு ராக்காயிக்குப் பொறுக்கவில்லை. அது காட்டை ஒட்டியிருந்த தேயிலை ஆலையின் கூரையிலேயே பாதி நாள் கிடக்கும்.

"என்னண்ணே, நேரங்காலம் இல்லாம அலையறீங்க? ஆலையைப் பாருங்க! சங்கு ஊதினா வேலை, சங்கு ஊதினா சாப்பாடு. அதுல்ல ஒழுங்கு!"

சிங்காரத்துக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. மறுநாளிலிருந்து காலைச் சங்குக்குக் கிளம்பியது. பழத்தைத் தொண்டையில் அடக்கிக்கொண்டு கிளையில் உட்கார்ந்தது. மதியச் சங்கு ஊதினால்தான் ஊட்டியது! நடுவில் குஞ்சு கத்தினால், "பொறுடா ராசா, இன்னும் நேரம் ஆகலை" என்றது. கேட்டீர்களா கூத்தை!

"ஏங்க, பசி என்ன சங்கைக் கேட்டுட்டா வருது?" என்று பேச்சி முணுமுணுத்தது.

"பழகிக்கணும் பேச்சி. உலகமே அப்படித்தான் நடக்குது!" என்று சிங்காரம் பெருமையாக நெஞ்சை நிமிர்த்தியது.

ஒரு நாள் தோட்டத்து மாரியம்மன் கோவிலில் திருவிழா. ஆலைக்கு லீவு. இதைக் காட்டுக்கு யார் வந்து சொல்வார்கள்?

சிங்காரம் கிளையில் தயாராக உட்கார்ந்திருந்தது. சங்கு ஊதவில்லை. வெயில் முதுகில் ஏறியது. அப்போதும் ஊதவில்லை.

"ஏங்க, கிளம்பலையா?"

"இன்னும் வேலை நேரம் வரலையே!"

"பொழுது உச்சிக்கு வந்தாச்சுங்க!"

"அப்படியா? சங்கு ஊதலையே!" சிங்காரத்துக்கே குழப்பம்தான். ஆனாலும் நகரவில்லை.

சற்று நேரத்தில் பொந்து வாசலில் டொக் டொக்கென்று சத்தம் கேட்டது. பேச்சி அடைப்பை உள்ளிருந்து கொத்திக்கொண்டிருந்தது!

"ஐயோ, என்ன பண்றே? அடைகாத்ததுல உன் இறகெல்லாம் உதிர்ந்து கிடக்கு! வெளியே வந்தா விழுந்துடுவே!"

"விழுந்தா விழுறேன்! பிள்ளை கத்துறதையே நிறுத்திடுச்சு. தலை தொங்குது. நீங்க சங்கைக் கேட்டுக்கிட்டே இருங்க!"

சிங்காரம் சட்டென்று பொந்தின் பக்கம் திரும்பியது. காலையிலிருந்து காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோமே, பிள்ளையின் சத்தம் நின்றதுகூட நமக்குத் தெரியவில்லையே!

"கொத்தாதே பேச்சி! இதோ வந்துட்டேன்!"

பாய்ந்து பறந்தது. கோவிலில் பொறுக்கிய தேங்காய்ச் சில்லோடு எதிரே வந்த ராக்காயி திகைத்து நின்றது.

"அண்ணே! சங்கு ஊதலையே, எங்கே போறீங்க?"

"சங்கு கிடக்குது போ!"

அத்திப்பழத்தோடு திரும்பிய சிங்காரம், கீறல் வழியே அலகை நீட்டியது. குஞ்சு வாயைத் திறக்கவில்லை. பேச்சி பழத்தை வாங்கி நசுக்கி, சாற்றை அதன் வாயில் சொட்டுச் சொட்டாக விட்டது. சிங்காரம் கீறலில் கண்ணை வைத்துப் பார்த்தது. குஞ்சு ஒரு வாய் விழுங்கியது. இன்னொரு வாய். அப்புறம் வாயை அகலமாகத் திறந்து, காடே அதிர ஒரு கத்து கத்தியது!

சிங்காரம் அழுதேவிட்டது.

"அழுதது போதும்," என்றது பேச்சி. அதன் குரலில் கோபம் பாதி கரைந்திருந்தது. "பிள்ளை இன்னும் கேக்கறான்."

"கேக்கட்டும், நல்லா கேக்கட்டும்!" என்று சொல்லிக்கொண்டே சிங்காரம் மறுபடி அத்திமரத்துக்குப் பறந்தது.

வேலைக்கு நேரம் குறிப்பதில் தப்பில்லை. ஆனால் நம்மை நம்பி இருப்பவர்களின் பசியையும் அந்த நேரத்துக்குள் அடைக்கப் பார்ப்பது பெரிய தப்பு.