ஜமீன்தாருக்கு ருசி பார்த்த கஷாயம்

வெள்ளூற்று ஜமீனில் ஒரு வழக்கம் உண்டு. ஜமீன்தார் பூசைத்துரை எதைச் சாப்பிட்டாலும் முதலில் வேறொருவர் ருசி பார்க்க வேண்டும். யாராவது விஷம் வைத்துவிடுவார்களோ என்று அவருக்கு அவ்வளவு பயம்.

அவருடைய சின்ன மகள் கோமதிக்குக் காய்ச்சல் அனலாகக் கொதித்தது. வைத்தியர் நிலவேம்புக் கஷாயம் கொடுத்தார். ஊட்ட ஊட்டக் குழந்தை துப்பினாள்.

“கசப்பாவது ஒன்றாவது! எல்லாம் பிடிவாதம்!” என்று சத்தம் போட்ட பூசைத்துரை, பாத்திரம் தேய்க்கும் பேச்சித்தாயைக் கூப்பிட்டார்.

“பிள்ளை பெற்றவள்தானே நீ? அமுக்கிப் பிடிக்காமல், இனிப்புக் காட்டாமல் இவளைக் குடிக்க வை. முடியாவிட்டால் நாளைக்கு வேலைக்கு வராதே.”

பேச்சித்தாய் ‘முருகா’ என்று கிண்ணத்தோடு குழந்தையிடம் போனாள்.

“தாயி, இது அப்பாவுக்கு. ருசி பார்க்கிற ஆளைக் காணோம். நீ பார்க்கிறியா?”

கோமதி எழுந்து உட்கார்ந்தாள். அந்த வேலையின் மேல் அவளுக்கு வெகுநாளாகக் கண்.

“ஒரு வாய் போதுமா?”

“சோத்துக்கு ஒரு வாய் போதும். கஷாயத்துக்குப் பாதிக் கிண்ணமாவது குடிச்சாத்தான் தெரியும்.”

கண்ணை இறுக மூடிக்கொண்டு குழந்தை குடித்தாள். உடம்பைச் சிலிர்த்துக்கொண்டு, மீதியிருந்த கிண்ணத்தை அப்பாவிடம் நீட்டினாள்.

“விஷம் இல்லப்பா. குடிங்க.”

“எனக்கு எதுக்கும்மா?”

“கசக்காதுன்னு நீங்கதானே சொன்னீங்க?”

வேறு வழியில்லாமல் பூசைத்துரை குடித்தார். மீசை துடித்தது, கண்ணில் நீர் முட்டியது. வைத்தியர் துண்டால் வாயை மூடிக்கொண்டார்.

“எப்படிப்பா இருக்கு?”

“நல்லா... இருக்கும்மா.”

பேச்சித்தாய் பணிவாகக் கிண்ணத்தை வாங்கினாள்.

“சாயந்திரமும் கொண்டு வரேன், எசமான். நீங்க குடிச்சாத்தானே பிள்ளை ருசி பார்க்கும்?”