சென்னியப்பன் வீட்டுக்கு ஏழு எழுத்து

முதலில் கெடுத்தவன் சென்னியப்பன். அதில் சந்தேகமே வேண்டாம்.

"முப்பத்தொரு வருசம் ஆச்சு அம்மணி. பொய் சொன்னவன் கொழுத்துத் திரியறான். நான் உன் கொட்டகையில மரத்தூள் தின்னுட்டு இருக்கறேன். இது என்ன நாயம்?" என்று கேட்டார் செங்கோடன்.

பூங்கோதை உப்புத்தாளை நீட்டினாள்.

"மேலிருந்து கீழே தேயுங்ணா. கீழிருந்து மேலே இழுத்தா ஒட்டுன தாள் பிஞ்சிரும்."

அவருக்கு அறுபத்து மூன்று வயது. அவளுக்கு நாற்பது. ஆனாலும் அவள்தான் குரு.

மர அறுவை ஆலைக்குப் பின்னால் அவளுடைய தகரக் கொட்டகை இருந்தது. ஆலையில் கழித்துப்போட்ட பெட்டி மரத்தில் எழுத்து அறுப்பாள். பழைய பேப்பர் கடையில் வாங்கிய வரைபடத் தாள்களை அதன்மேல் ஒட்டுவாள். பெயர் எழுதிய பித்தளைத் தகடு வாங்க முடியாதவர்கள் அவளிடம் வருவார்கள். மனசில் முள் ஏறியவர்களும் வருவார்கள். எதைக் கேட்டாலும் பதில் வைத்திருப்பாள் என்று பேச்சு.

அந்தப் பேச்சை நம்பித்தான் செங்கோடன் வந்தார். இரண்டு வருடத்தில் அவருக்குக் கிடைத்தது உப்புத்தாள்.

செங்கோடனின் காட்டுக்கு ஒரு வண்டித்தடம் இருந்தது. பஸ் ரோட்டில் கிளம்பி, அவருடைய பெரியப்பன் மகன் சென்னியப்பனின் காட்டு வழியாகப் போகும் தடம். ஓர் ஆடி மாதம் சென்னியப்பன் அதை உழுது சோளம் விதைத்துவிட்டான். ஊர்க்கூட்டத்தில் கேட்டபோது, "இங்க ஏது தடம்? எந்தக் காலத்துலயும் இருந்ததில்லையே" என்றான்.

அந்தக் கூட்டத்தில், அதுவரை அதே தடத்தில் நடந்து போனவர்கள் எல்லாரும் தரையைப் பார்த்தார்கள்.

வண்டி போகாத காட்டை வைத்து என்ன செய்வது? செங்கோடன் விற்றார். வாங்கியவனும் சென்னியப்பன்தான்.

"காடு போனா மயிராப் போச்சு. தடம் இருந்துச்சுன்னு அவன் வாயால ஒரு சொல்லு சொல்லணும். அது எனக்கு வர வேண்டியது."

"இருந்துச்சுங்ணா" என்றாள் பூங்கோதை.

"நீ சொல்லி என்ன ஆகப்போகுது? நீ அப்பப் பல்லு விழுந்த புள்ளை. சொல்ல வேண்டியவன் அவன்."

"சரிங்ணா. பசை காயுது பாருங்க."

கொட்டகையில் ஒரு வழக்கம் உண்டு. வரைபடத்தைக் கவிழ்த்துப் போட்டு, முதுகில் மைதாப் பசை தடவி, தாள் ஊறும்வரை பொறுத்திருந்து, எழுத்தை அதன்மேல் குப்புற வைக்க வேண்டும். எந்த இடம் எழுத்தின் முகத்துக்கு வரும் என்று முன்கூட்டிப் பார்க்கக் கூடாது.

"பாத்தா அவங்கவங்க ஊரைத் தேட ஆரம்பிச்சிருவாங்க. வேலை ஓடாது" என்பாள் பூங்கோதை.

ஆவணியில் ஒருநாள் பைக்கில் ஒருவன் வந்து இறங்கினான். சென்னியப்பனின் மகன். அப்பனுடைய அதே மூக்கு. செங்கோடனை அவனுக்கு அடையாளம் தெரியவில்லை.

"புது வீடு கட்டியிருக்கறோங்க்கா. அப்பா பேரு வேணும், சென்னியப்பன்னு, ஏழு எழுத்து. பித்தளையில விலை கேட்டுட்டு வந்து மூணு நாளா அவருக்குச் சோறு எறங்கலை. மரமே போதும்னுட்டாரு."

"எந்த ஊரு படம் ஒட்டட்டும்?"

"எங்க ஊருதே ஒட்டுங்க." அவன் ஒரு சுருளைக் கொடுத்தான். பழைய கிராம வரைபடத்தின் பெரிய நகல்.

"வீடு எங்கே கட்டியிருக்கறீங்க?" செங்கோடன் வாய் பொறுக்காமல் கேட்டார்.

"மேக்காட்டுலங்க."

மேக்காடு. செங்கோடனிடமிருந்து போன காடு.

பைக் சத்தம் ஓய்ந்ததும் அவர் சுருளை விரித்தார். விரல் பஸ் ரோட்டைப் பிடித்தது. கிணறு, வாய்க்கால், புளியமரம். அங்கேயிருந்து மேக்காடு வரைக்கும் இரண்டு வரிசைப் புள்ளிக்கோடு.

"அம்மணி! ஓடியா! தடம்! அச்சுல போட்டிருக்குது பாரு! இருந்ததே இல்லைன்னானே, திருட்டு நாய், அவன் மகன் கையிலயே குடுத்தனுப்பியிருக்கான்!"

பூங்கோதை வந்து பார்த்தாள். திரும்பிப் போய்ப் பசை வாளியைக் கிளறினாள்.

செங்கோடன் தாளைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். தடம் ஓடும் இடத்தைப் பின்பக்கம் பென்சிலால் குறித்தார். பசை தடவி, முதல் எழுத்தைச் சரியாக அந்தக் குறியின்மேல் வைத்து அழுத்தினார். அவள் தடுக்கவில்லை.

எழுத்தை நிமிர்த்தினார். தடம் அதன் நட்டநடு நெற்றியில் கிடந்தது.

"மாட்டட்டும். அவன் வாசல்லயே மாட்டட்டும். வர்றவன் போறவன் எல்லாம் பாக்கட்டும். புழுங்கிச் சாவட்டும்!"

பூங்கோதை கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். ஈரத்தாளின் ஓரத்தை நகத்தால் கிளப்பி ஒரே இழுப்பில் உரித்தாள். கசக்கிப் பசை வாளிக்குள் போட்டாள்.

செங்கோடன் கையில் அகப்பட்ட ரம்பத்தைத் தகரச் சுவரில் வீசினார். கொட்டகையே அலறியது.

"நீயும் உழுதுட்டயா! அவனுக்கு நீ என்ன வேணும்? சொல்லுடி!"

"தடம் போயிருச்சுங்களா?"

"நீதானே அழிச்சே!"

"அப்ப அது தாள்லதான் இருந்துச்சுங்களா?"

"காட்டுல இருந்துச்சு! நான் நடந்தேன்! எங்கப்பன் பாடை அதுலதான் போச்சு! எங்க திரும்பும், எங்க மேடு ஏறும்னு இன்னைக்கும் என் காலுக்குத் தெரியும்!"

பூங்கோதை மிச்சத் தாளைக் கவிழ்த்துப் போட்டாள். ஏழு எழுத்தையும் அவளே ஒட்டினாள். எதையும் பார்த்து வைக்கவில்லை. செங்கோடன் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.

மூன்றாம் நாள் எழுத்துகளைத் துணியில் கட்டி அவர் மடியில் வைத்தாள்.

"கொண்டுபோய்க் குடுத்துட்டு வாங்ணா."

"நானா? அவன் வாசலுக்கா? என் பொணம்கூடப் போகாது. மகன் வந்து வாங்கிட்டுப் போறான்."

"வரச் சொல்லலைங்ணா."

"எந்த வழியாப் போறது? புது ரோடு ஊரைச் சுத்திப் போகுது. முன்னப்பின்ன நான் அதுல போனதில்லை."

பூங்கோதை அடுத்த பலகையை எடுத்துக் கோடு போட ஆரம்பித்தாள்.

"மேக்காட்டுக்கு என்னையா வழி கேக்கறீங்க?"

செங்கோடன் அவளை முறைத்தார். பிறகு மூட்டையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

பஸ் அவரைப் பழைய நிறுத்தத்தில் இறக்கிவிட்டது. எதிரே சோளம் நெஞ்சு உயரத்துக்கு நின்றது. யார் காடு, யார் விதைத்தது என்று அவர் யோசிக்கவில்லை. உள்ளே இறங்கினார்.

சோளத்தட்டு முறிந்தது. இலை முகத்தை அறுத்தது. அவர் வாய்க்கு வந்த கெட்ட வார்த்தையெல்லாம் சொல்லிக்கொண்டே நடந்தார். ஆனால் கால் தடுமாறவில்லை. திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பியது. மேட்டில் ஏறியது. சோளம் முடிந்த இடத்தில் புது வீடு நின்றது.

வாசலில் நாற்காலி போட்டு ஒரு கிழவன் உட்கார்ந்திருந்தான். சென்னியப்பன்.

"யாரது, சோளத்துக்குள்ளிருந்து?"

"செங்கோடன்."

சென்னியப்பன் நாற்காலிக் கையை இறுக்கிப் பிடித்தான்.

"ரோடு கிடக்குது. நீ எந்த வழியா வந்தே?"

"தடத்து வழியா."

சென்னியப்பன் அவருடைய தோளுக்கு மேலாகப் பார்த்தான். சோளம் இரண்டாகப் பிளந்து கிடந்தது. அதற்குள்ளே ஒரு வளைவு, ஒரு மேடு. நடந்தவன் எவனும் மறக்காத வளைவு.

பக்கத்தில் கிடந்த நாற்காலியை இழுத்துப் போட்டான்.

"உக்காரு செங்கோடா. மோர் குடிக்கறயா?"

"மோருக்கு வரலை."

செங்கோடன் மூட்டையை அவிழ்த்துப் படியில் வைத்தார். நிமிர்ந்து நின்றார். காத்திருந்தார். சென்னியப்பன் குனிந்து, எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டு மெதுவாக எண்ணினான். எண்ணி முடித்துவிட்டு மறுபடியும் எண்ணினான்.

"சரியா இருக்குது" என்றான், தலை தூக்காமல். "ஏழும் வந்திருச்சு."

"உன் சொல்லுதான் இன்னும் வரலை" என்றார் செங்கோடன். வந்த தடத்திலேயே திரும்பி இறங்கினார்.