கோழிக்கொண்டைப் பூ இல்லாத படம்

"நிறத்தை எடுத்துட்டா மிஞ்சறதுதான்..." என்று அந்தப் பெரியவர் மைக்கில் ஏதோ சொன்னார். மிஞ்சுவது எது என்று கொக்கரைப்பாளையத்தில் ஒருவருக்கும் நினைவில்லை. அவர் அதைச் சொன்ன நேரத்தில்தான் பந்தலுக்குப் பின்னால் போண்டா போட ஆரம்பித்திருந்தார்கள்.

பெரியவர் டவுனில் போட்டோ கண்காட்சி நடத்துகிறவர். உங்கள் ஊர்க் காட்சியைப் படம் பிடித்து அனுப்புங்கள், ஆனால் கறுப்பு வெள்ளையாக மாற்றித்தான் அனுப்ப வேண்டும், கலர் படம் மாட்ட மாட்டோம் என்று ஊர் ஊராகப் போய்ச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் கார் கிளம்பிய பிறகு ஊர் கூடி, அந்தப் பேச்சின் பாக்கியைத் தேடியது. மிஞ்சறதுதான் அழகு என்றார் ஒருவர். மிஞ்சறதுதான் லாபம் என்றார் மளிகைக் கடைக்காரர். தலைவர் பொன்னுரங்கம் கையமர்த்தினார்.

"மிஞ்சறதுதான் நெசம். அப்படித்தான் சொல்லியிருப்பாரு. அத்தனை வயசான மனுசன் வேற என்னத்தச் சொல்லப் போறாரு?"

அது நியாயமாகப் பட்டது. கை தூக்கி நிறைவேற்றினார்கள்.

டவுனிலிருந்து ஸ்டூடியோ ரவீந்திரன் வந்து, ஊருக்கு மேற்கே இருக்கும் பாறைக் கரட்டின் மேல் ஏறிப் படம் பிடித்தார். கோயில், குட்டை, பனை வரிசை, எல்லாவற்றுக்கும் நடுவில் செக்கச் செவேலென்று மருதாசலத்தின் கோழிக்கொண்டைப் பூத்தோட்டம்.

மருதாசலத்துக்கு அந்தப் பூதான் எல்லாம். வீட்டுக் கூரைத் தகரம் துருப்பிடித்து ஓட்டை ஓட்டையாகிவிட்டது. மழை பெய்தால் அவர் மனைவி பாவாத்தாள் சோற்றுப் பானையைத் தவிர மற்ற எல்லாப் பானையையும் வீட்டுக்குள் பரப்பி வைப்பாள். ஆயுத பூஜைக்குப் பூவை விற்றுப் புதுத் தகரம் போட்டுவிடுவதாக அவளிடம் சொல்லியிருந்தார். பூ மண்டி சென்னியப்பனும் வெள்ளிக்கிழமை அறுக்க வருவதாகச் சொல்லியனுப்பியிருந்தார்.

புதன்கிழமை படம் வந்தது. தலைவர் வீட்டு வாசலில் கட்டிலைப் போட்டு, அதன் மேல் படத்தை வைத்து, ஊரே சுற்றி நின்று பார்த்தது. கோயில் இருந்தது. குட்டை இருந்தது. பனைமரத்தடியில் யாருடையதோ ஓர் ஆடும் இருந்தது.

"மருதாசலம், உன்ற பூ எங்கப்பா?" என்றார் தலைவர்.

மருதாசலம் குனிந்து பார்த்தார். தோட்டம் இருந்த இடத்தில் ஒரே சாம்பல் நிறத்தில் இலையாகக் கிடந்தது. ஊரில் விவரமானவர் என்று பெயரெடுத்த நஞ்சப்பன், படத்தைத் திருப்பி முதுகுப் பக்கம் தேடினார். அங்கேயும் பூ இல்லை.

மருதாசலம் தோட்டத்துக்கு ஓடினார். இடுப்பு உயரத்துக்குச் சிவப்பாக நின்றது பூ. மூச்சு வாங்கத் திரும்பி வந்தார்.

"இருக்குதுங்க தலைவரே."

"நிறத்தோட பாத்தியா, நிறம் இல்லாம பாத்தியா?"

மருதாசலம் யோசித்தார். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர். "நிறத்தோடதானுங்க."

"அதான். நிறத்தை எடுத்துட்டா மிஞ்சறதுதான் நெசம். எடுத்தாச்சு. உனக்கு ஒண்ணும் மிஞ்சல."

பாவாத்தாள் வேறு ஊர்க்காரி. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, தோட்டத்திலிருந்து ஒடித்த ஒரு கொண்டைப் பூவைக் கட்டிலில் போட்டாள். "இது என்னன்னு சொல்லுங்க பாக்கலாம்."

நஞ்சப்பன் அதைத் தொடாமல் சுற்றி வந்து பார்த்தார். "இப்பவே எப்படியம்மிணி சொல்றது? இதையும் ஒரு போட்டோ எடுத்துப் பாத்தாத்தான் தெரியும்."

நியாயம் கேட்கத் தலைவரும் நஞ்சப்பனும் மருதாசலமும் ஸ்டூடியோவுக்குப் போனார்கள்.

"எங்க ஊரு நிறத்தை எடுத்தீங்களே, எங்க வெச்சிருக்கீங்க?" என்று கேட்டார் தலைவர். "நீங்க நிறத்தை எடுக்கறப்ப கூடவே இவன் பூவும் வந்திருச்சு."

ரவீந்திரன் பொறுமைசாலி. "பூ எங்கயும் போகலீங்க. இந்தச் சிவப்பும் இந்தப் பச்சையும் கறுப்பு வெள்ளையாக்கினா ஒரே சாம்பலாயிரும். பிரிஞ்சு தெரியாது. சிவப்பை மட்டும் ஏத்திக் காட்டறேன், பாருங்க."

கம்ப்யூட்டரில் எதையோ நகர்த்தினார். பூவெல்லாம் பொரி பொரித்த மாதிரி வெளுத்து மேலே வந்தது. நீலமாயிருந்த வானம் கறுத்து இறங்கியது.

மருதாசலம் திரைக்குப் பக்கத்தில் குனிந்தார். "தலைவரே, பூ நரைச்சுப் போச்சுங்களே. வெள்ளைக் கொண்டையை ஆரு வாங்குவா?"

தலைவர் பூவைப் பார்க்கவில்லை. வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். போனை எடுத்து ஊருக்குப் பேசினார். "மானம் கறுத்திருச்சு. களத்துல காயற மக்காச்சோளத்தை அள்ளி மூடுங்க. ஆமாப்பா, இப்பத்தான் கண்ணால பாத்தேன்."

அங்கே மண்டையைப் பிளக்கும் வெயில். தார்ப்பாய்க்கு அடியில் சோளம் சாயங்காலம் வரைக்கும் வெந்தது.

"சரி, பச்சையை ஏத்திப் பாக்கலாமுங்க," என்றார் ரவீந்திரன். இப்போது இலையெல்லாம் வெளுத்தது. நஞ்சப்பன் நெஞ்சில் கை வைத்தார். "வெள்ளைப் பூச்சி. பனைமரம் வரைக்கும் ஏறிருச்சு." வேப்பெண்ணெய் வாங்க அப்போதே கிளம்பிவிட்டார்.

ரவீந்திரன் கம்ப்யூட்டரை அணைத்தார்.

"எங்களுக்கு நெசம் எதுவோ அதைக் குடுங்க, போதும்," என்றார் தலைவர்.

"நான் கை வைக்காதது முதல்ல குடுத்ததுதானுங்க," என்றார் ரவீந்திரன், கும்பிட்டு.

ஆக, பூ இல்லை என்று முடிவாயிற்று. வியாழக்கிழமை ஊரில் ஒவ்வொருவராக வந்து மருதாசலத்திடம் துக்கம் விசாரித்துவிட்டுப் போனார்கள். வந்தவர்கள் வரப்பில் நடக்கும்போது வேட்டியில் உரசிய கொண்டைகளை விலக்கிக்கொண்டே நடந்தார்கள்.

வெள்ளிக்கிழமை சென்னியப்பன் டெம்போவோடு வந்து இறங்கினார். தோட்டத்தைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"ஏனுங்க, இந்த வருசம் அமோகமா வந்திருக்குதே. வெலையைச் சொல்லுங்க."

மருதாசலம் வாயைத் திறந்தார். ஒரு சொல் போதும், தகரம் வந்துவிடும். பாவாத்தாள் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். தலைவரும் நஞ்சப்பனும் நின்றார்கள். மருதாசலம் படத்தை எடுத்து நீட்டினார்.

"பூ இல்லீங்க. கண்ணுக்குத் தெரியறதை நம்பாதீங்க. இல்லாத பூவுக்குக் காசு வாங்கினா எனக்குத் தூக்கம் வராது."

சென்னியப்பன் படத்தைப் பார்த்தார். தோட்டத்தைப் பார்த்தார். கடைசியில் ஆண்கள் மூன்று பேர் முகத்தையும் நிதானமாகப் பார்த்தார். வியாபாரி.

"நீங்க சொன்னாச் சரிதானுங்க. டெம்போ வாடகை கொடுத்து வந்துட்டேன், சும்மா போக முடியாது. அந்த இல்லாததை அறுத்து ஏத்திட்டுப் போகட்டுங்களா?"

மூவரும் தள்ளிப் போய்ப் பேசினார்கள்.

"இருக்கறதை எடுத்தா திருட்டு," என்றார் நஞ்சப்பன். "இல்லாததை எடுத்தா?"

"எடுக்கறவனுக்குத்தான் நட்டம்," என்றார் தலைவர். "பாவம், எடுத்துட்டுப் போகட்டும்."

"அப்ப தகரம்?" என்றாள் பாவாத்தாள்.

"அவசரப்படாத அம்மிணி," என்றார் மருதாசலம். சும்மா நிற்க மனசில்லாமல் சென்னியப்பனின் ஆட்களோடு சேர்ந்து, இல்லாத பூவை அவரும் கட்டுக் கட்டாகத் தூக்கிக் கொடுத்தார். டெம்போ சிவந்து நிறைந்து போனது. தோட்டத்தில் இலையும் தண்டும் மட்டும் மிஞ்சின.

நஞ்சப்பன் படத்தைத் தூக்கித் தோட்டத்துக்கு நேராகப் பிடித்தார். "பாருங்க தலைவரே. படத்துல எப்படியோ அப்படியே. அந்தப் பெரியவர் லேசுப்பட்ட ஆள் இல்லை."

மருதாசலம் படத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பூ இருக்கிறது என்று வாய் தவறிச் சொல்லியிருந்தால் இந்நேரம் என்ன ஆகியிருக்கும்?

அன்று சாயங்காலம் நிஜமாகவே மழை வந்தது. பாவாத்தாள் பானைகளைப் பரப்பினாள். பானை தீர்ந்ததும் சொம்புகளை வைத்தாள். அதுவும் தீர்ந்ததும் நடுவீட்டில் உட்கார்ந்து தலையில் சொட்டுவதை வாங்கிக்கொண்டாள்.

"ஏனுங்க, ஒரு சந்தேகம். நான் நிறத்தோட நனையறனா, நிறம் இல்லாம நனையறனா?"

மருதாசலம் பாயைச் சுருட்டிக்கொண்டு ஒழுகாத மூலை தேடிப் படுத்தார். ஆனால் அந்தக் கேள்வி அவரைத் தூங்கவிடவில்லை. விடிந்ததும் டவுனுக்குப் போய் ரவீந்திரனைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து, கரட்டின் மேல் ஏற்றி, கூரையை மட்டும் கறுப்பு வெள்ளையில் படம் எடுக்கச் சொன்னார்.

மறுநாள் படம் வந்தது. செம்பழுப்பாகப் படிந்திருந்த துரு எங்கேயும் இல்லை. அத்தனை தூரத்தில் ஓட்டையும் தெரியவில்லை. கூரை முழுக்க, நேற்றுக் கடையிலிருந்து இறக்கியது போல, சீரான சாம்பல் நிறத்தில் இருந்தது.

மருதாசலம் அதைக் கொண்டுபோய்ப் பாவாத்தாளிடம் காட்டினார். அவள் ஒரு கையில் குடை பிடித்துக்கொண்டு அடுப்பு ஊதிக்கொண்டிருந்தாள்.

தகரம் மாற்ற வேண்டியதில்லை என்று மருதாசலம் முடிவு செய்தார்.